நோட்டீஸோடு போன பெயர்

இருபது வருடம் தஞ்சாவூரில் நிருபராக இருந்தேன். யார் கொடுத்த தகவல் என்று ஆசிரியரே கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். அந்தத் திமிரோடுதான் நூறு நாள் வேலைப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதல் மாதமே வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மனுவோடு வந்தார். வாய்க்காலைத் தூர்வாரியது பொக்லைன். பதிவேட்டிலோ ஆட்கள் வெட்டியதாக இருக்கிறது.

"எம் பேரு வெளிய வராதுல்ல சார்? தெரிஞ்சா அந்தப் பணித்தளப் பொறுப்பாளரு என்னை வேலைக்கே சேர்க்க மாட்டாரு."

"நம்புங்கம்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தர் பேரும் என் வாயிலேர்ந்து வந்ததில்ல."

வாயிலிருந்து வரவில்லைதான். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும்போது மனுவின் நகலையும் சேர்த்து அனுப்புவது அலுவலக வழக்கம். மேசையில் வைத்த தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேனே தவிர, ஒன்றையும் புரட்டிப் பார்க்கவில்லை. என் செய்தியில் ஒரு கமா மாறினாலும் சண்டைக்குப் போன ஆள் நான்.

மறுவாரம் அந்த அம்மா வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலைக்குப் போனேன் சார். 'நீதான் பெட்டிஷன் போடுற ஆளாச்சே, வீட்டுக்குப் போ'ன்னுட்டாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணையை அந்த வாய்க்கால் கரையிலேயே வைத்தேன். நடவு முடிந்த வயல்களுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெண்கள் ஒருவரும் பேசவில்லை. அந்த அம்மாதான் முன்னால் வந்தார்.

"எழுதிக்குங்க சார்" என்று தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், தெரு எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார். "நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்து பெயர் கொடுத்தார்கள்.

எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டினேன். வாய்க்கால் வெட்டியது இயந்திரம். இவருக்கு வேலை மறுத்தது தவறு. நாளைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"எம் பேரை அவருகிட்ட அனுப்புனது யாருன்னு இதுல இல்லையே சார்?"

பத்திரிகையில் தப்பு நடந்தால் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் 'வருந்துகிறோம்' என்று போடுவோம். வருந்துவது யார் என்று அதில் இருக்காது. பேனாவைத் திறந்து, இன்னாருடைய தவறு என்று என் பெயரை முழுதாக எழுதினேன்.

"சத்தமா படிங்க சார்" என்றார்.

படித்தேன்.