உஷ் அக்காவின் கொட்டகை

சந்தையில் அவரை எல்லோரும் உஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்த "உஷ்"தான். சந்தைக்குப் பின்னால், நகராட்சி ஒரு காலத்தில் குப்பை வண்டிகளை நிறுத்திய தகரக் கொட்டகையில், கடைக்காரப் பெண்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர். விடியும் முன்னே தாய்மார் வந்து, கண் திறக்காத பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு ஓடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்ட வேண்டும், எந்தப் பிள்ளைக்குக் காதைத் தடவ வேண்டும் என்பது அக்காவின் விரல்களுக்கே தெரியும்.

அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் கண்ணை மூடியதும் இந்தச் சந்தைக்குக் கீரை விற்க வந்தார். ஒருநாள் பக்கத்துக் கடை மீன்காரம்மா, "இவளைக் கொஞ்சம் பிடிக்கா, ஐஸ் இறக்கிட்டு வந்துடறேன்" என்று மகளை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஐஸ் இறங்கி முடிய மத்தியானமாகிவிட்டது. மறுநாள் மடியில் இரண்டு பிள்ளைகள். அதற்கப்புறம் கீரைக்கு எங்கே நேரம்? பெறுவதற்குக் கொடுக்காத கடவுள் வளர்ப்பதற்குக் கொடுத்தார் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டார்.

கொட்டகைக்கு ஒரே சட்டம். சாப்பிட்டுப் பிள்ளைகள் படுத்துவிட்டால் யாரும் பேசக் கூடாது. ஒன்று விழித்தால் அத்தனையும் விழிக்கும். ஒலிபெருக்கி என்று பேரெடுத்த மீன்காரம்மாகூட, வாசலில் செருப்போடு குரலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

அப்படி இருக்கும்போதுதான் கொட்டகைக் கதவில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. கடை வளாகம் கட்டுகிற முதலாளி ஒருவர் இந்த மனையைக் கேட்கிறார். இதற்கு மாற்றாக, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தனக்கு இருக்கும் பெரிய நிலத்தை நகராட்சிக்குக் கொடுப்பார். வருங்காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் கட்டலாம். உறுப்பினர்கள் நேரில் பார்க்க வருவார்கள். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லலாம்.

"பள்ளிக்கூடத்தை எப்படிடி வேண்டாம்னு சொல்றது? பாவமில்லையா?" என்றார் அக்கா மீன்காரம்மாவிடம்.

"அது என்னிக்கு வரப்போவுது? என் கடைக்குட்டிக்குக் கல்யாணம் ஆனப்புறம் வரும். அதுவரைக்கும் இவளை எங்க போடறது, மீன் கூடையிலயா? நீ பேசாம இரு, நான் கேக்கறேன்."

கடவுளே, பள்ளிக்கூடமும் வரட்டும், இதுவும் இருக்கட்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டார். கேட்பது பேராசையோ என்று பயமாகவும் இருந்தது.

உறுப்பினர்கள் வருவதாகச் சொன்ன அன்று காலை மீன்காரம்மா மீனை வெட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். "நியாயமாய்யா இது?" என்று கத்தியை ஓங்கியதில், வாங்க வந்தவர்கள் பேரம் பேசாமலே வாங்கிப் போனார்கள்.

காலையில் வர வேண்டியவர்கள், பிள்ளைகள் படுத்து அசந்த நேரத்தில் வந்தார்கள். விஷயம் தெரிந்து பெண்களெல்லாம் ஓடி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அவ்வளவுதான், ஒருத்தியிடமும் சத்தமில்லை.

மீன்காரம்மா முன்னால் வந்து, "ஐயா..." என்றாள். பாயில் ஒரு பிஞ்சு உதட்டைப் பிதுக்கிச் சிணுங்கியது.

"உஷ்!" என்றார் அக்கா.

யோசித்துச் சொன்னதில்லை, பழக்கம். மீன்காரம்மா வாயை மூடிக்கொண்டாள். நகர்மன்றத் தலைவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று ரகசியம் போலக் கேட்டார். நல்ல மனிதர்தான். வெளியே போய்ப் பேசலாம் என்று அக்கா கையைக் காட்டினார். போவதற்கு வழி காட்டுவதாக நினைத்த தலைவர், கும்பிட்டுவிட்டு நுனிக்காலில் நடந்து காரில் ஏறினார். பெண்களும் நுனிக்காலிலேயே பின்னால் ஓடினார்கள். தகரச் சுவர்; வெளியில் கத்தினாலும் உள்ளே கேட்கும். "மெதுவா எடுப்பா, பிள்ளைங்க தூங்குது" என்று தலைவர் டிரைவரிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மன்றக் கூட்டத்தன்று அக்காவும் மீன்காரம்மாவும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேரில் பார்த்தோம். அங்கிருந்த யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை" என்று தலைவர் வாசித்தார்.

"பிள்ளைங்க தூங்கிட்டிருந்ததுய்யா!" மீன்காரம்மாவின் குரல் கூரையில் மோதியது.

"பார்வையாளர் பேசக் கூடாதும்மா" என்று சிப்பந்தி ஓடி வந்தார்.

"அந்தப் பிள்ளைகள் எங்கே போகும்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆவன செய்யப்படும் என்றார்கள். கைகள் உயர்ந்தன. நில மாற்றம் முடிவாகிவிட்டது.

திரும்பி வந்து சந்தை வாசலில் நின்றதும் மீன்காரம்மா கேட்டாள்: "அன்னிக்கு என்னை ஏன்கா அடக்கின?"

"புள்ள சிணுங்குச்சுடி."

மீன்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதமே நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். அதுவும் பிள்ளைகள் தூங்குகிற நேரம். முதல் முளைக்கம்பியை நட்டுச் சம்மட்டியை ஓங்கியபோது அக்கா வாசலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, செத்த பொறுத்து அடிங்கப்பா. இப்பதான் கண்ணசந்துச்சுங்க."

அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார். சம்மட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா பிள்ளைகள் நடுவே போய் அமர்ந்தார். எழுப்பவில்லை. ஒவ்வொன்றாகத் தானே விழித்தது. கடைசியாக மீன்காரம்மாவின் கடைக்குட்டி எழுந்தது. அதன் முகத்தைக் கழுவித் துடைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அடிச்சுக்கோங்கப்பா" என்றார்.