நின்றுகொண்டே தோற்றவர்

என் வீட்டுக்காரர் தோற்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குத்துச்சண்டையில், அதிலும் கனத்த ஆட்கள் மோதுகிற ஹெவிவெயிட்டில், வாலிபம் முழுவதும் அவர் பிழைத்தது அப்படித்தான். முகத்தைச் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்துவிடுங்கள். பாதியில் சுளித்தால் எனக்குக் கோபம் வரும்.

எல்லோரும் அவரை பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். என் அண்ணன் வீடு மாற்றிக் கொடுக்கிற லாரி ஒன்று வைத்திருக்கிறான். இவர் அதில் சாமான் தூக்குகிறவர். நாலு பேர் திணறுகிற இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து யாரோ வைத்த பேர். ஆனால் அது நிலைத்தது வேறு காரணத்துக்காக. ரிங்குக்குள் போனால் இவரைச் சாய்க்க ஆள் கிடையாது.

குத்துச்சண்டைக்கு அவர் வந்ததே சாமான் தூக்கப் போன இடத்தில்தான். ஒரு பயிற்சிக் கூடத்துக்கு இரும்பு பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அங்கே ஒருவனுக்கு எதிரே நின்று அடி வாங்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. "கொஞ்ச நேரம் நிக்கிறியாப்பா?" என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். இவரும் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் அடித்தவனுக்குத்தான் மணிக்கட்டு வீங்கியது. இவர் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மிச்ச பெஞ்சை எங்கே இறக்கட்டும் என்று கேட்டாராம்.

ஆரம்பத்தில் எல்லாச் சண்டையிலும் ஜெயித்தார். ஜெயிக்க ஜெயிக்க வேலை குறைந்தது. ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னவர், சண்டைகளை ஏற்பாடு செய்கிற பெரிய மனிதர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பேர் கோட்டு.

"உன்னைப் பாக்க யாரு டிக்கெட் வாங்குறான்? உனக்கு சொந்தக்காரங்களே லாரியில ஏறுற அளவுக்குத்தான் இருக்காங்க" என்றார் கோட்டு. "எவன் பேருக்கு டிக்கெட் விக்குதோ அந்தப் பையன் ஜெயிக்கணும். அவனுக்கு எதிர்ல நல்லா நிக்கிற ஆளு ஒருத்தன் தோக்கணும். நீ நல்லா நிக்கிற. யோசிச்சுச் சொல்லு."

தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு மூலையில், தெருவே திரண்டு வந்து கைதட்டுகிற பையன். மறு மூலையில், வியாழக்கிழமை போன் பண்ணிச் சனிக்கிழமைக்குக் கூப்பிட்ட ஆள். அந்தப் பையனுக்குக் கண்ணாடி வைத்த அறை, சோபா, குளிர்ந்த தண்ணீர். எங்களுக்குத் துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை. இவர் பையனை ஜெயித்துவிட்டால் கோட்டுக்குக் கோபம், அப்புறம் போன் வராது. இவர் மயங்கி விழுந்துவிட்டால் டாக்டர் பல வாரம் ஓய்வு என்று எழுதி லைசென்ஸை முடக்கிவிடுவார், அப்போதும் சண்டை கிடையாது. ஜெயிக்கவும் கூடாது, விழவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

தோற்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்கிறவர்களை ஒரு நாள் உள்ளே அனுப்பிப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவன் உண்மையாகத்தான் அடிப்பான். இவர் அதைத் தோளில் வாங்கி, முழங்கையில் தள்ளி, மேலே சாய்ந்து, மூச்சு முட்டவைத்து, பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராதபடி ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் பின்தங்கி முடிப்பார். சில நேரம் இவர் கை கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிடும். பையனுக்குக் கண் செருகும், கால் தள்ளாடும். உடனே இவர் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் களைத்துப்போய்த் தொங்குகிறார் என்று நினைப்பார்கள். உண்மையில் அவனை விழாமல் தாங்கிக்கொண்டிருப்பார். தெளிந்ததும் விட்டுவிடுவார். அந்தப் பையன்தான் கடைசியில் ஜெயிப்பான். எத்தனை மடையன்கள் இவர் நெஞ்சில் சாய்ந்து தெளிந்து, மறுநாள் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவர் மூலையில் இருந்தேன். கூலிக்கு வைத்திருந்த உதவியாள் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, தண்ணீர் பாட்டிலை இவர் தலையில் கவிழ்ப்பதற்குப் பதிலாக நடுவர் தலையில் கவிழ்த்தான். அடுத்த சண்டைக்கு நானே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஏறினேன். முக்காலி போடுவது, வாய்க்கவசத்தைக் கழுவுவது, புருவத்தில் வாசலின் தடவுவது, பிடரியில் ஐஸ் வைப்பது எல்லாம் நான்தான். ஒரே ஒரு விதி எனக்கு ஒத்துவரவில்லை. மணி அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டால் மூலையில் இருக்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என் அண்ணனைக் கேட்டால் சொல்வான்.

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, அப்பா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். "எங்கப்பா தோக்குற வேலை பாக்குறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று பரிதாபமாக விசாரித்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "ஒரு கஷ்டமும் இல்லைங்க. எங்க வீட்டுல அவர் ஒருத்தர்தான் இன்னும் கீழ விழாம இருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது உண்மைதான். அத்தனை வருஷத்தில் அவர் முதுகு ஒரு தடவைகூட ரிங்கின் தரையில் பட்டதில்லை. முட்டிகூடப் பட்டதில்லை. தோல்விகளை அவர் கணக்கில் வைத்ததே இல்லை. இதை மட்டும் வைத்திருந்தார். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது தானாகச் சொல்லிக்கொள்வார், "இன்னைக்கும் விழல." அந்த ஒரு வார்த்தைதான் அவருடைய சொத்து.

வயது வரம்பு வந்தது. அதற்கு மேல் லைசென்ஸ் தர மாட்டார்கள். கடைசிச் சண்டைக்கு கோட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எதிரில் யார் என்றால், போஸ்டர் முழுக்க இளவரசன் என்று போட்டுக்கொண்டிருந்த பையன். ஆறடிக்கு மேல் உயரம், மேலங்கியின் முதுகில் தங்க நிறத்தில் கிரீடம். அதுவரை அவன் எதிரே நின்ற எவனும் மூன்று ரவுண்டுக்கு மேல் தாங்கவில்லை. டிவிக்காரர்கள் நேரடியாகக் காட்டப்போகிறார்கள்.

கோட்டு டீயைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "மூணாவது ரவுண்டுல கொஞ்சம் உக்காந்துடு, பீரோ. பத்து எண்ணுற வரைக்கும்தான். புதுசா ஒரு பயிற்சிக் கூடம் திறக்கிறேன். அதுக்கு நீதான் தலைமை மாஸ்டர். இனி சாமான் தூக்க வேண்டாம்."

அந்த வேலை எங்களுக்கு வேண்டும். படி ஏறும்போது இவர் முட்டி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இன்னும் எத்தனை நாள் பீரோ தூக்குவார்? இவர் கோட்டின் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தோக்கிறதுக்குக் கூப்பிட்டீங்க சார், தோத்துத் தரேன். எப்பவும் செய்யுறதுதானே. விழுறது என் வேலை இல்ல."

"யோசிச்சுப் பேசு" என்று சொல்லிவிட்டு கோட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும், கூடவே உட்கார்ந்திருந்த என் அண்ணன் இவரைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, ஊருல எல்லாரும் வழுக்கி விழுறான். பாத்ரூம்ல விழுறான், பஸ்ஸுல விழுறான். நீ ஒரு தடவை விழுந்தா குடியா முழுகிடும்?"

"மச்சான், நீ விழு. நான் தூக்கி விடுறேன்" என்றார் இவர்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வேலையையும் அந்த முட்டியையும் நினைத்து, நான் இவரிடம் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தான். நானும் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "நீ அங்க படுத்தேன்னு வெச்சுக்கோ, நான் முக்காலியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். நீ நடந்து வா."

இவர் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கோட்டு மேல் இருந்த ஆத்திரத்தில் வந்த அழுகை.

சண்டை எட்டு ரவுண்டு. முதல் இரண்டில் இளவரசன் பாட்டுக்கு அடித்தான், இவர் பாட்டுக்கு வாங்கினார். மூன்றாவது மணி அடித்ததும் அவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தான், பேசி வைத்ததை வசூல் பண்ண வருகிறவன் மாதிரி. ஒரு குத்து விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். இவர் நின்றார். இன்னொன்று விட்டான். நின்றார். அவன் முகம் மாறியது. கட்டிப்பிடிக்கும் சாக்கில் காதோரம் வந்து, "விழுய்யா. சொல்லிட்டாங்கல்ல" என்றான். நடுவருக்குக் கேட்டதோ இல்லையோ, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது.

நான்காவதில் அவன் வெறி பிடித்து அடித்தான். இவருக்குப் புருவம் பிளந்தது. முக்காலியில் உட்கார்ந்தவருக்கு ரத்தத்தைத் துடைத்து அழுத்திப் பிடித்தேன். "போதுமா?" என்று கேட்டேன். "அவன் என்னை யாருன்னு நெனச்சான்?" என்றார். அதற்கு மேல் பேச நேரமில்லை.

ஐந்தாவது ரவுண்டில் நான் பார்த்தது, அந்த லாரிக்காரன் வீட்டு மாப்பிள்ளைக்குள் இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த ஆள். இடது கை விலாவில் இறங்கியது. அவன் குனிந்தான். வலது கை தாடையில் ஏறியது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். இளவரசனுக்குக் கண் செருகியது, கால் இரண்டும் அவனுக்குச் சொந்தமில்லாமல் போயின.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. கைகள் தாமாகப் போய்விட்டன. இருபது வருஷமாக அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கிழவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று எவனோ கிண்டல் பண்ணினான். அந்தத் தடியன் இவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தூக்கத்தில் இருக்கிற குழந்தை போலத் தொங்கினான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் தெளிந்துவிடுவான்.

எனக்கு விதியும் மறந்தது, லைசென்ஸும் மறந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "விடுய்யா அவனை. நீ ஏன் தாங்குற?"

அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. கையை விரித்தார். ஒரு எட்டு பின்னால் வைத்தார். இளவரசன் முதலில் முட்டி போட்டான், அப்புறம் உட்கார்ந்தான், அப்புறம் கிரீடமும் கெத்தும் இல்லாமல் மல்லாந்து படுத்தான்.

நடுவர் ஒன்பது எண்ணும்போது அவன் கயிற்றைப் பிடித்து எழுந்துவிட்டான். மணி அடித்து அவனைக் காப்பாற்றியது. மிச்ச மூன்று ரவுண்டும் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓட்டினான். இந்த முறை இவர் தாங்கவில்லை, உதறிக்கொண்டே இருந்தார். மூலையிலிருந்து கத்தியதற்காக எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முடிவு என்ன என்று உங்களுக்கே தெரியும். புள்ளிக் கணக்கில் இளவரசன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். முடிவு சொல்லும்போது நடுவர் நடுவில் நின்று இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்திருப்பார். ஜெயித்தவன் கையை மட்டும் தூக்குவார். மற்றவன் கை கீழேயே இருக்க வேண்டும். இவருடைய கை இத்தனை காலமும் அப்படித்தான் இருந்தது. நடுவர் அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கினார். இவர் இந்தப் பக்கத்துக் கையைத் தானே தூக்கினார். நடுவர் குள்ளமான மனிதர், பிடியை விட மறந்துவிட்டார் பாவம். பீரோவையே தூக்குகிற கை அது, அவரையும் சேர்த்து நுனிக்காலில் நிற்கவைத்துவிட்டது. முதலில் சிரித்தார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். அப்புறம் இளவரசனுடைய தெருக்காரர்களே எழுந்து நின்றார்கள்.

வாளி வைக்கிற அறைக்கு கோட்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மாஸ்டர் வேலையை மறந்துடு" என்றார்.

"நான் எப்ப சார் நெனச்சேன்?" என்றார் இவர். கோட்டு கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

நான் இவர் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்டார். "இத்தனை வருஷத்துல எத்தனை பேரைத் தாங்கியிருப்பேன்?"

"நெறைய பேரை."

"எல்லாம் நான் ஜெயிச்சிருக்க வேண்டியது."

"ஆமா."

"தெரிஞ்சும் நீ ஏன் ஒரு தடவைகூடக் கத்தல?"

"கத்தியிருந்தா விட்டிருப்பியா?"

யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. வாசலினா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் லாரியில் ஏறினார். இப்போதும் ஏறுகிறார். முட்டி வலிக்கத்தான் செய்கிறது, ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறேன். குத்துச்சண்டைச் சங்கத்துப் பதிவில் அந்தச் சண்டைக்கு எதிரே தோல்வி என்றுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இளவரசன் பேருக்கு எதிரே வெற்றி என்று இருக்கிறது. அதை அவன் யாரிடமாவது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லட்டும், பார்க்கலாம்.