பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னவள்

பீர் மர்வான் மருத்துவமனையில் ரவ்தா பெல்ஹாஜ் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தாள். ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டதில்லை, ஒரு ஊசி போட்டதில்லை. மருந்துக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்குள் பச்சை விளக்குகள் மினுக்கும் ரவுட்டர். அதுதான் அவள் இடம். மருத்துவமனையிலிருந்து வெளியே போகும் இணைய லைன் ஒன்றே ஒன்று. தொலைபேசிப் பேச்சு, தூரத்து மருத்துவர்களோடு நடக்கும் வீடியோ ஆலோசனை, ஸ்கேன் படங்கள், அலுவலகக் கடிதம், வரவேற்பறைப் பெண்கள் கள்ளத்தனமாகப் பார்க்கும் தொடர் நாடகம், எல்லாம் அந்த ஒரு லைனில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும்.

யார் முதலில், யாருக்கு எவ்வளவு என்று அந்த ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது ரவ்தாவின் பொறுப்பு. அவள் வருவதற்கு முன் அங்கே முறை என்று எதுவும் கிடையாது. முந்தினவனுக்கு வழி. கணக்குப் பிரிவில் ஒருவன் படம் இறக்கினால் அவசரப் பிரிவின் தொலைபேசி விக்கும். அவள் ஒரு மாதம் உட்கார்ந்து வரிசைகளைப் பிரித்தாள். பேச்சு தாமதம் தாங்காது, ஆனால் அதற்குத் தேவை கொஞ்சம்தான்; அதை முன்னால் விட்டாள், ஓர் உச்சவரம்போடு. ஸ்கேன் படங்கள் கனமானவை. முன்னே பின்னே ஆனாலும் போய்ச் சேர்ந்தாக வேண்டியவை. எவ்வளவு நெரிசல் வந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கு என்று ஒதுக்கினாள். லைன் காலியாக இருந்தால் முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டும். நெரிசலில் அந்த ஐந்தில் ஒன்றை யாரும் தொடக் கூடாது. மிஞ்சியது மற்றவர்களுக்கு. அன்றிலிருந்து ஒரு தலை ஸ்கேன் எட்டு நிமிடத்தில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து நரம்பியல் மருத்துவரின் திரைக்குப் போய்விடும். ஸ்கேன் எடுக்கும் லஸாத் அவளைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ரவ்தாக்கா, உனக்குச் சிலை வைக்கணும். வாசல்ல இடமில்ல, பிணவறைப் பக்கம் இருக்கு, பரவாயில்லையா?"

"முதல்ல உன்னை அங்க வச்சுட்டு அப்புறம் என்னை வையி."

அந்த வசந்தகாலத்தில் மருத்துவமனைக்குப் புதிய டயாலிசிஸ் பிரிவு வந்தது. திறந்துவைக்கத் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அங்கே அலுவலகத்தில் இருப்பவர்களும் நேரலையாகப் பார்க்க வேண்டும். மூன்று கேமரா வைத்தார்கள். முந்தின நாள் ஒத்திகையில் மருத்துவமனை இயக்குநர் முன்ஸிஃப் திரையைப் பார்த்துவிட்டு நேரே ரவ்தாவின் அறைக்கு வந்தார்.

"என் மூஞ்சி கட்டம் கட்டமா உடையுதும்மா. தரைக்கு ஒட்டுற மொசைக் மாதிரி இருக்கு."

"லைன் அவ்வளவுதான், முன்ஸிஃப் ஐயா. நேரலைக்குப் பாதி குடுத்திருக்கேன். கேமராவை ஒண்ணாக் குறைச்சா படம் நல்லா வரும்."

"கேமராவைக் குறைக்கிறதா? மொத்தத்தையும் குடு. ரெண்டு மணி நேர விஷயம்."

"ஸ்கேனுக்குன்னு கொஞ்சம் விட்டாகணும்..."

"நாளைக்கு ஒரு நாள் யார் தலையும் உடையாது. நான் சொல்றேன், செய்."

ரவ்தா செய்தாள். நேரலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கி வைத்தாள். அதன் உச்சவரம்பை எடுத்துவிட்டாள். படங்களுக்கென்று இருந்த ஐந்தில் ஒன்றையும் அழித்தாள். முன்வரிசைக்கு எல்லை இல்லையென்றால் பின்வரிசை பட்டினி கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லித்தந்த பாடம் அது. ஆனாலும் செய்தாள். ஒரு முழு நாள் இயக்குநரோடு முகம் கோணாமல் இருந்தால் போதும் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி நிலையத்தில் பூராவிக்கு நாக்கு குழறியது. பூராவியைத் தெரியாதவர் பீர் மர்வானில் இல்லை. எட்டுப் பேர் ஏறும் லுவாஜ் வண்டிகளுக்கு ஆள் கூவி அழைப்பவர். வண்டியில் ஓட்டுநர்கூட ஏறியிருக்க மாட்டார், அதற்குள் "ஸ்ஃபாக்ஸ், ஸ்ஃபாக்ஸ், ஒரே ஒரு சீட்டு!" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பொய்யை நம்பி ஊரே முப்பது ஆண்டுகளாக ஓடிப்போய் ஏறியிருக்கிறது. அன்று "ஸ்ஃபா" என்றவர் அதற்கு மேல் வராமல் நின்றார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று யாரோ இனிப்புத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். தேநீர் வாயோரம் வழிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

பத்தே காலுக்கு லஸாத் தலை ஸ்கேனை எடுத்து முடித்தான். ஊரில் ஸ்கேன் பார்த்துச் சொல்லும் மருத்துவர் இல்லை. மூளைக்குள் அடைப்பென்றால் அடைப்பைக் கரைக்கும் மருந்து கைவசம் இருந்தது. ரத்தக் கசிவென்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். ஸ்ஃபாக்ஸ் மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள், அதாவது பன்னிரண்டரைக்குள், மருந்து ஏற வேண்டும். பத்து இருபதுக்கு லஸாத் அனுப்பினான். பத்து முப்பத்தைந்துக்கு நூறில் ஒன்பதுதான் போயிருந்தது. அவன் ரவ்தாவைக் கைப்பேசியில் கூப்பிட்டான்.

ரவ்தா விழா அரங்கில் கேமரா மேசையருகே நின்றிருந்தாள். மேடையில் அதிகாரி பேச எழுந்திருந்தார்.

"அக்கா, படம் நகரவே இல்ல. தலை கேஸு. ஸ்ஃபாக்ஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் வழி விடேன்."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலக் கையை லேசாக உயர்த்தினார். மடிக்கணினி அவள் முன்னால் திறந்தே இருந்தது. ஒரே ஒரு வரி அடித்தால் போதும்.

"பத்து நிமிஷம் பொறு லஸாத். பேச்சு முடியப்போகுது."

"யாருக்குன்னு கேக்க மாட்டியா? நம்ம பூராவிக்கு."

"பத்து நிமிஷம்டா," என்று சொல்லி வைத்தாள்.

பேச்சு முடிந்தது. பிறகு நன்றியுரை. பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு. அதிகாரி ஒவ்வொரு படுக்கையாகப் போய் நின்றார். கேமராக்கள் பின்னாலேயே போயின. பதினொன்றே காலுக்கு லஸாத் மறுபடி அழைத்தான். இயக்குநர் பக்கத்திலேயே நின்றதால் அவள் எடுக்கவில்லை. லஸாத் தன் கைப்பேசியால் திரையைப் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தான். இந்த மங்கலை நம்பி மருந்து போடச் சொல்ல முடியாது என்று ஸ்ஃபாக்ஸ் மருத்துவர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் அனுப்பலாம் என்றால் மூன்று மணி நேரப் பாதை.

பன்னிரண்டு இருபதுக்கு நேரலை நின்றது. பாதியில் அறுந்து கிடந்ததை லஸாத் முதலிலிருந்து அனுப்பினான்; சரியாக எட்டு நிமிடத்தில் படங்கள் போய்ச் சேர்ந்தன. மருத்துவர் பார்த்து முடித்தபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு.

"கசிவு இல்ல, அடைப்புதான்," என்றார் தொலைபேசியில். "பதினோரு மணிக்கு இதைப் பாத்திருந்தா தைரியமா மருந்தைப் போடச் சொல்லியிருப்பேன். இப்ப வேண்டாம். ஆபத்து."

பூராவி பிழைத்தார். வலது கையும் பேச்சும் போயின.

விசாரணை என்று ஒன்று நடந்தது. முன்ஸிஃப் ஒரு தாளை எழுதிக்கொண்டு வந்தார். லைனில் எதிர்பாராத நெரிசல் என்று அதில் இருந்தது.

"இது பொய்யா சொல்லு? நெரிசல் இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. ரவ்தா கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே பழைய பங்கீட்டை ரவுட்டரில் திரும்ப எழுதினாள். எழுதும்போது அவளையறியாமல் கணக்குப் போட்டாள். முழு லைனில் எட்டு நிமிடம். ஐந்தில் ஒரு பங்கென்றால் நாற்பது நிமிடம். அந்த ஐந்தில் ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தால் பத்து இருபதுக்குக் கிளம்பிய படம் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நேரலை கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான்.

லஸாத் அவளிடம் சிலைப் பேச்சு பேசுவதை விட்டுவிட்டான். திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஸ்ஃபாக்ஸ் போக வேண்டியிருந்தால் நிலையத்துக்கு வராமல் தமையனின் காரில் போனாள். ஒரு முறை வேறு வழியில்லாமல் வந்தபோது, புதிதாக ஒருவன் கூவிக்கொண்டிருந்தான். பூராவி சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை இடம் பாக்கி என்று இடது கை விரல்களால் காட்டிக்கொண்டிருந்தார். ரவ்தாவைப் பார்த்து, தெரிந்தவளென்று சிரித்தார். அவள் வண்டியில் ஏறாமல் வீடு திரும்பினாள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பூராவியின் வீட்டுக்குப் போனாள். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். மனைவி மப்ரூகா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. மருத்துவமனைப் பொண்ணுதானே நீ? டீ போடட்டுமா?"

"வேண்டாம், மப்ரூகா அம்மா. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் டீ குடுக்கத் தோணுதான்னு பாருங்க."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மப்ரூகா கையிலிருந்த மிளகாயின் காம்பைக் கிள்ளிக் கிள்ளி, கிள்ளக் காம்பில்லாமல் ஆன பிறகும் விரல்கள் அதையே செய்துகொண்டிருந்தன.

"லைன் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களே எங்ககிட்ட."

"கெடல. நான்தான் மாத்தி வச்சேன்."

"அவருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"லஸாத் சொன்னான். தெரியும்."

மப்ரூகா காய்ந்த மிளகாயை ஓரமாகத் தள்ளிக் குவித்தாள். பிறகு கேட்டாள்: "அப்படி அந்த ஆளு மேடையில என்னதான் பேசினாரு?"

ரவ்தா யோசித்துப் பார்த்தாள். அந்த அரங்கில் இரண்டு மணி நேரம் நின்றவள். ஒரு வாக்கியம்கூட நினைவில்லை.

"ஞாபகம் இல்ல, அம்மா."

"ஞாபகமே இல்லையா?" மப்ரூகா அதை இன்னொரு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிப்பு கேக்க வந்திருந்தா அது என்கிட்ட இல்ல. என்கிட்ட சொன்னதைத் தாள்ல எழுது. முழுசா எழுது. யாருக்கு அனுப்பணுமோ அனுப்பு. இப்ப போ, அவரு வர்ற நேரம்."

ரவ்தா எழுதித் தலைநகருக்கு அனுப்பினாள். முன்பு கையெழுத்துப் போட்ட தாள் பொய் என்றும் அதில் எழுதியிருந்தாள். முன்ஸிஃபுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓராண்டில் தலைநகருக்கே மாற்றலாகிப் போனார். ரவ்தாவை மருத்துவமனையிலிருந்து எடுத்து நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் பிரிவில் போட்டார்கள். அவள் எதிர்த்து மனுப் போடவில்லை. பூராவி பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் ஸ்ஃபாக்ஸ் போய்வர மருத்துவமனை வண்டி ஏற்பாடானது. நோய் வந்த புதிதிலேயே தொடங்கியிருந்தால் நிறையப் பலன் கிடைத்திருக்கும் என்று பயிற்சி கொடுக்கும் அம்மா முதல் நாளே சொன்னாளாம்.

போன மாதம் லஸாத் தன் மகளின் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தான். ரவ்தா முத்திரை வைத்துக் கொடுத்தாள். தாளை மடித்துக்கொண்டு கிளம்பியவன் கதவருகே நின்றான்.

"பூராவிக்கு இப்ப பதினேழு வார்த்தை வருது, அக்கா."

என்னென்ன வார்த்தைகள் என்று கேட்க ரவ்தாவுக்கு வாய் வரவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரின் தாளை வாங்கிக்கொண்டாள்.