யாகப்பு காட்டும் ஒழுக்கு

வாளித் தண்ணீரை மண்டபத்தின் நட்டநடுவில் ஊற்றிவிட்டு, யாகப்பு அதைக் காலால் பரப்பினார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. இந்த மனுசன் என்ன செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

"நீங்கள் மூச்சுக் காட்டாதையுங்கோ" என்றார் என்னிடம்.

நெல்லியடியில் இராசமணி படமாளிகையின் காவலாளி அவர். படம் ஓடி எத்தனையோ காலம். டிக்கெட் கொடுத்த அறைதான் இப்போது அவருக்கும் மனைவிக்கும் வீடு. கை மட்டும் நுழையும் அந்தத் துவாரம் வழியாகத்தான் வருபவரை ஆராய்வார். முகத்தை அல்ல, கையை. அளக்கும் டேப் இருந்தால் கதவு திறக்காது. "முதல்லை படம் எடுக்க வருவாங்கள். பேந்து அளக்க வருவாங்கள். பேந்து லொறி வரும்." பத்திரிகைக்கு எழுத வந்தேன் என்றதற்கு, "எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை" என்றார். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே போனதும் கோபம் போய்விட்டது. பெண்களுக்கென மறித்த அரைச்சுவர், பல்கனிக்கு வளைந்தேறும் படி, படம் காட்டிய அறையின் இரண்டு சதுர ஓட்டைகள். போரில் ஷெல் விழுந்த கிழக்குச் சுவர் மட்டும் பிளந்து கிடந்தது. மற்றதெல்லாம் கல்லுப்போல இருந்தது. அண்ணாந்தேன்.

"கூரையைப் பாக்காதையுங்கோ!"

கூரை பழைய பனைமரம் என்று தெரிந்தால், அந்த மரத்துக்காகவே ஹோட்டல்காரர் வாங்க விழுந்தடித்து வருவார்களாம்.

போனில், கனடாவிலிருந்து படமாளிகை முதலாளியின் மகன் றஜிந்தன் தெரிந்தார். அவர் விற்றுவிட்டால் யாகப்புவுக்குப் போக இடமில்லை. அதனால்தான் மாதாமாதம் இந்தக் கூத்து. ஈரத்தையும் உடைந்த சுவரையும் மட்டுமே காட்டினார்.

"ஒரே ஒழுக்குத் தம்பி. ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

"விளங்குது அண்ணை" என்றார் றஜிந்தன். "அதுதான் இடிச்சுப்போட்டு வெறுங்காணியாய் விக்கப்போறம். அடுத்த கிழமை மெசின் வரும்."

 ஐயோ, யாகப்பு தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரே என்று எனக்குப் பதறியது.

சட்டென்று போனை உயர்த்திக் கூரை முழுவதையும் காட்டினார். பிறகு பல்கனியைத் தாங்கிய பனந்தூணில் வெறுங்கையால் ஓங்கி அடித்தார்.

"கேக்குதோ தம்பி? வைரம் பாஞ்ச மரம்! இதைப் போய் இடிக்கிறதோ? கேக்குதோ?"

 போனை இன்னும் கிட்டப் பிடித்து, மறுபடி அடித்தார்.