முயல் காது வைத்த மஞ்சள் போர்வை

பிள்ளைச் சாமான் கடையில் நிற்கிறவளுக்கு வயிறும் பெரிதாக இருந்துவிட்டால் வியாபாரம் தானாக நடக்கும். நடக்காதது அவளுடைய சொந்தக் காரியம் மட்டும்தான்.

சாப்பாட்டுக் கடையில் பசியோடு பரிமாறுகிறவர்களே, நகைக் கடையில் கவரிங் சங்கிலியோடு நிற்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், உங்களுக்குத்தான் புரியும். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் வருகிற ஒரு கடையில் தொட்டில், கொசுவுக்குப் போடும் நுளம்பு வலை, நெப்பி, பால் போத்தல் என்று எடுத்துக் காட்டுவது என் வேலை. என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, லீவு எடுக்கும் வரைக்கும் அங்கேதான் நின்றேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு ஒரு கைலேஞ்சித் துண்டுகூட வாங்க முடியவில்லை. காசில்லாமல் இல்லை. காரணம் வேறு, சொல்கிறேன்.

வாசலில் வைத்த பொம்மை

ஏழாம் மாதம் பிறந்ததும் எங்கள் முதலாளி ஹாஜியார் எனக்கென்று ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கதிரையை உள்ளே போடாமல் வாசலுக்கு நேராகப் போட்டார். வயிற்றோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் தெருவில் போகிற வயிற்றுக்காரிகளும் உள்ளே வருவார்கள் என்று அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நேரே என்னிடம்தான் வந்தார்கள். நான் எந்தச் சோப்பு வாங்கினேன், எந்தப் போத்தல் வாங்கினேன், தொட்டில் மரமா இரும்பா என்று விசாரித்தார்கள். எதுவுமே வாங்கவில்லை என்று சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் வாங்கிவிட்டதாகச் சொன்னேன்.

பொய் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டில் ஒரு தொட்டிலும், அதற்கு மேல் நீல வலையும், பக்கத்தில் மடித்து அடுக்கிய சின்னச் சின்னச் சட்டைகளும் இருப்பதுபோல எனக்கே தோன்றத் தொடங்கியது. அந்தப் பொய்யில் வாழ்ந்துகொண்டிருந்தவள் மேல்தான் எனக்கு முதன்முதல் பொறாமை வந்தது. ஒரு நாள் ஒரு சிங்கள டீச்சர், நான் வாங்கியதாகச் சொன்ன சாமான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாங்கி, இரண்டு பை நிறைய எடுத்துக்கொண்டு போகும்போது பெருமூச்சு விட்டு, என்னைத் தங்கச்சியாக்கித் தன் மொழியில் சொன்னார்: "உன்னைப்போல எல்லாவற்றையும் முதலே ஆயத்தம் பண்ணி வைக்க எனக்குத் தெரியவில்லையே, நங்கி."

ஒரு சோடி மேஸ்

எனக்கு அம்மா இல்லை. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, லீவு கிடைத்தால்தான் வருவார். ஆகவே பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து தங்கினார். வரும்போதே ஒரு சட்டத்தையும் கூட்டி வந்தார். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் காதில் விழும் வரைக்கும் அதற்கென்று கடையில் எதுவும் வாங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் துணி பழசாக இருக்க வேண்டும். நோய் நொடியில்லாமல் வளர்கிற இன்னொரு பிள்ளை உடுத்தியதென்றால் ரொம்ப விசேஷம். தோட்டத்தில் வீடு வீடாகக் கேட்டு, சாயம் போன சட்டைகளையும் தன்னுடைய பழைய வாயில் சேலைத் துண்டுகளையும் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்.

நான் ஒரு நாள் ஒரு சோடி மேஸ் மட்டும் வாங்கிக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். என் கட்டைவிரல் அளவுக் காலுறை. அத்தை எப்படித்தான் கண்டாரோ, கண்டுவிட்டார். திட்டவில்லை. அதை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொன்னார். நான் போனில் வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். அவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பிள்ளை பிறந்ததாம். பிறக்க முதலே கண்டிக்கு வந்து ஆசையாய் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி வைத்திருந்தாராம். பிள்ளை தங்கவில்லை. சட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்ததாம்.

அதற்குப் பிறகு அத்தையோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆசை போகுமா? காலையில் மேஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, என்னோடு வேலை செய்கிற ரிஸ்னாவிடம் அழுதுகொண்டே முழுக் கதையையும் சொன்னேன். பழசுதான் வேண்டும், பிள்ளை உடுத்தியதுதான் வேண்டும் என்று அத்தை சொன்னதை அத்தை மாதிரியே சொல்லிக் காட்டினேன். ரிஸ்னா என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு மேஸைப் பழைய இடத்தில் கொழுவிவிட்டுக் கேட்டாள்: "அப்ப ஒங்கட புள்ள எங்கட கடைக்குக் கஸ்டமரே இல்லையாக்கா?"

புருஷனும் வேண்டும், போர்வையும் வேண்டுமா?

எட்டாம் மாதம் புதுச் சரக்கு வந்தது. அதில் ஒரு போர்வை. மஞ்சள் நிறம், பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்து மெத்தென்று இருக்கும். தலைப்பக்கம் ஒரு தொப்பி, தொப்பியில் இரண்டு முயல் காது. அந்த நிறத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. விலை அட்டையைப் பிளாஸ்டிக் நூலில் கோத்து இடது காதின் உள்பக்கம் குத்தியது நான்தான். குத்தும்போது வயிற்றுக்குள் ஒரு உதை. இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டுமா? அலுமாரியின் அடித்தட்டில், அவ்வளவாக விலைபோகாத பெரிய நுளம்பு வலைகளுக்குப் பின்னால் அதைத் தள்ளி வைத்தேன். பிள்ளை பிறந்த அன்றைக்கே ஆள் அனுப்பி வாங்கிவிடுவது என்று திட்டம், ரிஸ்னாவுக்கு மட்டும் சொல்லி வைத்தேன். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, ஆசைக்கு ஆசையும் ஆச்சு.

நேரம் பார்த்து, அந்தப் பெரிய வலையே வேண்டும் என்று ஒரு சோடி வந்தது. அவளுக்கும் எட்டாம் மாதம், அவளுக்கும் முதல் பிள்ளை. அவளுடைய கைப்பையைப் புருஷன் தன் தோளில் போட்டிருந்தான். சோப்புகளை ஒவ்வொன்றாக மணந்து பார்த்து, எது இவளுக்குக் குமட்டாது என்று என்னிடம் கேட்டான். நான் ஸ்கேன் எடுக்கப் போன அன்றைக்கு என் வீட்டுக்காரர் போனில் கேட்டது, பஸ்ஸில் சீட் கிடைத்ததா என்று மட்டும்தான். வலையை இழுத்தேன், போர்வையும் கூடவே வந்து விழுந்தது. அதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது வேறொருவர் சொல்லி வைத்தது, கொடுக்க முடியாது என்றேன். யார் என்று கேட்டாள். ஒரு அம்மா, முதல் பிள்ளைக்காம் என்றேன். அவள் முயல் காதை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்: "குடுத்து வச்சவங்க."

வீடியோ கோல்

பொறாமை எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டிய ஒரு மனுஷியும் உண்டு. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் தனியாக வந்தார். மனைவியை டொக்டர் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறாராம், அதனால் போனில் காட்டிக் காட்டி வாங்கினார். பாவம், எல்லாமே அந்தப் பக்கத்து உத்தரவுதான். மகப்பேற்று கவுண் ஒன்றின் அளவு விளங்கவில்லை என்று உத்தரவு வந்தது. நான் அதை என் மேல் வைத்துக் காட்டினேன், அவர் போனைத் திருப்பினார். உடனே அந்தப் பக்கத்திலிருந்து கடை முழுக்கக் கேட்கும்படி வந்தது: "ஆரு அந்தப் பொம்புள? அவட வயித்த ஏன் எனக்குக் காட்டுறீங்க?"

கதிரை

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளோடு வந்தார். மகளுக்குக் கண்டியில் வேலை, பிள்ளைப்பேறு பார்க்க அம்மா வந்து நிற்கிறார். மகள் ஒரு நெப்பியைத் தொட்டால் அம்மா அதை வாங்கித் தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பார். சொரசொரப்பென்று திருப்பி வைப்பார். அடுத்ததையும் உரசுவார். மகள் அலுத்துப்போய், சும்மா இருங்கோ அம்மா என்று சிடுசிடுத்தாள். எனக்கு அவளுடைய முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கன்னத்தில் உரசிப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறது, அதற்கும் ஒரு அலுப்பா?

அன்றைக்கு என் கால் வீங்கிச் செருப்பு வார் ஏறவில்லை. மேல் தட்டிலிருந்த ரப்பர் ஷீட்டை எடுக்க ஸ்டூலில் ஒரு காலை வைத்தேன். அந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து என் கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தார். என் கதிரையில் உட்கார்ந்திருந்த மகளை எழுப்பிவிட்டு அதில் என்னை உட்கார வைத்தார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் தெரியாத பார்வையா அது? கடை வாசலில் உட்கார்ந்து நான் நாள் முழுக்கப் பார்க்கிற பார்வைதான். பொய் சொல்வானேன், அது எனக்கு இனித்தது. ஸ்டூலில் ஏறிக்கொண்டே அம்மா சொன்னார்: "நீர் இரும் பிள்ளை, நான் எடுக்கிறன். விலையை மட்டும் சொல்லும்."

வலைக்குப் பின்னால்

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் கிளினிக்குக்குப் போய்விட்டு மறுநாள் கடைக்கு வந்தேன். வந்ததும் வழக்கம்போல வலைகளுக்குப் பின்னால் கையை விட்டேன். போர்வை இல்லை. ஹாஜியாரிடம் கேட்டேன். அக்குறணையில் ரிஸ்னாவின் தங்கச்சிக்கு மகன் பிறந்திருக்கிறானாம், ரிஸ்னாவே வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

கடையில் வேறு போர்வை இல்லையா? அதை நான் எங்கே வைத்திருந்தேன், யாருக்காக வைத்திருந்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். பிறந்து சில நாளே ஆன பச்சைப் பிள்ளை மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். பட்டேன். மூக்கு முழி தெரியாத அந்தப் பயல் என் பிள்ளையின் போர்வைக்குள் கொட்டாவி விடுவதை நினைத்து நினைத்துப் பட்டேன். மகன் பிறந்த சந்தோஷத்துக்கு ரிஸ்னா வட்டிலப்பம் கொண்டு வந்தாள். இனிப்பைத் தொடக் கூடாது என்று டொக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். டொக்டர் அப்படிச் சொல்லவேயில்லை, எனக்கு வட்டிலப்பம் என்றால் உயிர். லீவு எடுக்கும் வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசி நாள் மட்டும் மனம் கேட்காமல், அது ஒன்றுதானா உன் கண்ணில் பட்டது என்று கேட்டேன். அவள் நெப்பியை மடித்தபடியே சொன்னாள்: "போர்வண்டா போர்த்தத்தானேக்கா. வலைக்குப் பின்னால வச்சா நுளம்பா போர்த்தும்?"

பழசு

லீவில் நின்றபோது அத்தையும் நானும் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கினோம். சாயம் போன சட்டைகளை அவர் கொதிதண்ணீரில் அவித்து, காய வைத்து, ஒவ்வொன்றையும் கையால் நீவி நீவி மடித்தார். நான் உதவி செய்தேன், ஆனால் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ரிஸ்னா த்ரீவீலில் வந்து இறங்கினாள். வா என்று சொன்னேன், சிரிக்கவில்லை. அவளும் என்னைக் கவனிக்கவில்லை. நேரே அத்தைக்கு எதிரில் போய் உட்கார்ந்து, பையைத் திறந்து அந்த மஞ்சள் போர்வையை எடுத்து மடியில் வைத்தாள். தொப்பிக்குக் கிட்ட ஒரு பால் கறை. ஒரு காது மடங்கிப்போய் இருந்தது. தன் தங்கச்சியின் மகன் பிறந்ததிலிருந்து இதில்தான் தூங்கினான், இன்றைக்கு வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்லை, பிள்ளை உடுத்திய பழசுதான் வேண்டும் என்றீர்களாமே மாமி, அதுதான் கொண்டு வந்தேன் என்றாள்.

நான் தொடாமல் விட்ட வட்டிலப்பம்தான் முதலில் எனக்கு ஞாபகம் வந்தது. அத்தை சும்மா விடவில்லை. பிள்ளை நல்லாப் பால் குடிக்கிறதா, காய்ச்சல் வந்ததா, எடை ஏறுகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். ரிஸ்னா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். பிறகு அத்தை போர்வையை வாங்கி மணந்து பார்த்தார். தொப்பியைப் பிரட்டினார். இடது காதுக்குள் போன விரல் அப்படியே நின்றது.

அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ரிஸ்னா விலை அட்டையை வெட்டியிருக்கிறாள், நான் குத்திய பிளாஸ்டிக் நூலை விட்டுவிட்டாள். தோட்டத்துப் பழந்துணியில் இருக்கிற சாமானா அது? அத்தை என்னைப் பார்த்தார், ரிஸ்னாவைப் பார்த்தார். ரிஸ்னா ஜன்னலைப் பார்த்தாள். அத்தை போர்வையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் அந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். மடங்கியிருந்த காதை நிமிர்த்திவிட்டுப் போர்வையை என் கையில் தந்தார்: "நல்ல பழசுதான். பையில மேலாக வை. புள்ளைக்கு மொதல்ல இதத்தான் போத்தணும்."

பிள்ளைச் சாமான் கடைக்காரியாகிய எனக்கு என் மகளுக்கென்று கிடைத்த ஒரே புதுப் பொருள், மூன்று பெண்கள் கூடிப் பழசென்று தீர்ப்புச் சொன்ன ஒன்றுதான். அதிலும் முதலில் கால் நீட்டிப் படுத்தவன் அந்த அக்குறணைப் பயல்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.