சண்ட வேற, சார்ஜென்ட் வேற

கத்தரி நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நாலு குண்டைப் போட்டா எல்லாம் அடங்கிடும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். வலது பக்கம் வெட்டியாயிற்று, இடது பக்கம் காடாக நிற்கிறது. சிட்டிபாபு கத்தரியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"யார் வூட்டு மேல போடணும் சார்? அட்ரஸ் சொல்லு, அப்பால வெட்றேன்."

ஐந்து நிமிஷம் போயிற்று. "சரிப்பா, போட வேணாம், விடு" என்றார் அவர். கத்தரி மறுபடி ஓடியது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், இரண்டு நாற்காலி போட்ட சலூன். மற்ற கடைகளில் 'அரசியல் பேசாதீர்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். இங்கே எந்தக் கட்சியை வேண்டுமானாலும் கிழிக்கலாம், சண்டைக்கு மட்டும் கொடி பிடிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில் நானே ஒருமுறை மாட்டி, அரைத் தலையோடு கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தலையோடு எழுந்து எங்கே போவது?

சிட்டிபாபுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முகத்தைப் பார்த்தால் ஆளைத் தெரியாது, பிடரியைப் பார்த்தால் பேர் சொல்லிவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரைப் பின்னாலிருந்தே தட்டி, "இன்னா சார், ஊர்லேர்ந்து எப்ப வந்த?" என்று விசாரிப்பார். ஆள் மாறியதாக இதுவரை புகார் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் வாடிக்கையில் பாதிப் பேர் பக்கத்துத் தாம்பரம் விமானப்படை முகாமின் ஆட்கள். முகாமுக்குள்ளேயே முடிவெட்ட ஆள் உண்டு, ஆனாலும் இங்கேதான் வருவார்கள். யார் குழந்தைக்குக் காய்ச்சல், யார் தங்கைக்கு வரன் அமைந்தது என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. "சண்ட வேணாம்னு சொல்லிக்கினு சண்டக்காரனுக்கே வெட்டி வுடறியே?" என்று தெருக்காரர்கள் கிண்டலடித்தால், "சண்ட வேற, சார்ஜென்ட் வேற" என்பார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அவருக்கே போதவில்லை என்பது 2002 பிறந்த கையோடு தெரிந்தது.

சார்ஜென்ட் என்றால் சுவிசேஷமுத்து. திருநெல்வேலிப் பக்கம். முகாமில் எஞ்சின் வேலை கற்றுக்கொடுப்பவர். நாலு வருஷமாக ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவார். சிட்டிபாபுவின் மகள் அனுப்பிரியா பத்தாம் வகுப்புக் கணக்கில் முழித்தபோது, இதே கடைக் கண்ணாடியில் சோப்பு நுரையால் எழுதிச் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றியவர்.

அந்த ஜனவரியில் பாகிஸ்தான் எல்லைக்குப் படைகள் போய்க்கொண்டிருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடை ஹனீஃபா ஒன்பது பேரைச் சேர்த்து, ஞாயிறு மாலைகளில் தாம்பரம் பஸ் நிலையத்தருகே சண்டை வேண்டாமென்று அட்டை பிடித்து நிற்க ஏற்பாடு செய்தார். சிட்டிபாபு முதல் ஆளாகப் போனார். யாரோ ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டார். அட்டை பிடிப்பவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். சார்ஜென்ட் அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் வந்தார், நிறுத்தினார், படித்தார், போய்விட்டார். இவர் சந்தோஷமாகக் கையாட்டியிருக்கிறார். கலையும்போது திருப்பிப் பார்த்தால், 'கூலிக்குக் கொல்லாதே' என்றிருந்தது.

அதற்கப்புறம் வந்த முறைச் சனிக்கிழமைக்குச் சார்ஜென்ட் வரவில்லை. சிட்டிபாபுவுக்கு வேலையே ஓடவில்லை, என் காதோரத்தைக் கீறி வைத்தார். போய்ப் பேச வேண்டியதுதானே என்றேன்.

"இன்னான்னு பேசறது சார்? சண்ட வேணாம்னு நின்னது மெய்தானே. அதுக்கு சாரி கேட்டா பொய்யாப்பூடும். கேக்காங்காட்டி அவரு மன்சு வுட்டுப்பூடும்."

அடுத்த ஞாயிறு சொந்தமாக ஓர் அட்டை எழுதிக்கொண்டு போனார். 'சண்டை வேணாம். எங்க ஆளுங்க எங்களுக்கு வேணும்.' அந்த ஒன்பது பேரில் ஒருவரான துளசிங்கம், "இது கோஷமாய்யா? குடும்பக் கடுதாசி மாதிரி கீது" என்றார். "அப்ப கடுதாசின்னே வெச்சுக்க" என்று இவர் அதையேதான் தூக்கிப் பிடித்தார். சார்ஜென்ட் அந்த வழியாக வரவில்லை.

வந்த சனிக்கிழமை நான் என் முறைக்குக் காத்திருந்தேன். சுவிசேஷமுத்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். என் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பிடரி பாதி முடிந்தபோது அவரே தொடங்கினார்.

"நாளைக்கு வண்டி, அண்ணாச்சி. வடக்க அனுப்புதாங்க."

சிட்டிபாபு வெட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கேன். நான் கூலிக்குக் கொல்லுதவனா?"

"படிக்காம புடிச்சிட்டேன் சார். அது என் தப்பு. ஆனா சண்ட வேணாம்ன்றத வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்கச் சொன்னேனா?" சார்ஜென்ட் லேசாகச் சிரித்தார். "எதுக்கு இப்படி வெயில்ல நிக்கியன்னு அதையாவது சொல்லுங்க."

பத்து வருஷமாகத் தலையைக் கொடுக்கும் எனக்குக்கூடச் சொல்லாததைச் சிட்டிபாபு அப்போது சொன்னார்.

"பெருங்களத்தூர்ல மாரின்னு ஒரு புள்ள சார். மொத மொதல்ல நான்தான் மீச எட்த்து வுட்டேன். கார்கில் சண்டைல பூட்டான். பொட்டில வந்தான். மூஞ்சி பூரா தாடி. அவங்கப்பன் என்னியக் கூப்ட்டுக் கடைசியா ஒருவாட்டி வழிச்சு வுடுடான்னாரு. இருவத்திரெண்டு வயசு சார். மொத சேவிங்கும் நான், கடைசி சேவிங்கும் நான்." கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. "மறுபடி அந்த வேலைய என்னால செய்ய முடியாது. அவ்ளோதான் சார் என் கொள்கை."

சார்ஜென்ட் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவெட்டி முடிந்து, கழுத்தில் பவுடர் தட்டியாயிற்று. இரண்டு நாள் தாடி முளைத்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கழுத்தைக் காட்டினார் சார்ஜென்ட்.

"சேவிங்கும் பண்ணிருங்க, அண்ணாச்சி."

நுரை கிண்ணத்தில் தயாராக இருந்தது. சிட்டிபாபு பிரஷ்ஷை எடுத்தார், அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தொட்டிப் பக்கம் போய் நுரையைக் கொட்டி, கிண்ணத்தை அலம்பி, பிரஷ்ஷை உதறி ஆணியில் மாட்டினார்.

"வந்து பண்ணிக்கலாம் சார்" என்று, போர்த்தியிருந்த துணியை உருவினார்.