நசுக்கக் கூடாத மாத்திரை

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்லுரல் இருக்கிறது. ஏலக்காய் இடிக்கவென்று அம்மா தேக்கா சந்தையில் வாங்கியது. ஆனால் என் பள்ளி நாட்களில் அதில் பெரும்பாலும் இடிபட்டது அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைதான். டொக் டொக்கென்று இடித்து, பொடியை வாழைப்பழத் துண்டுக்குள் பொதிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவார். இரண்டு மாடி பஸ்ஸை எந்த நெரிசலிலும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிற மனிதருக்கு ஒரு மாத்திரை தொண்டையில் இறங்காது. இது வீட்டு ரகசியம். "பஸ் ஓட்டுற ஆளுக்கு மாத்திரை முழுங்கத் தெரியலன்னா சிரிக்க மாட்டாங்க?" என்பார். டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பல்கலைக்கழகம் தேடிக்கொண்டிருந்த வருடம், டாக்டர் அவருக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்துதான் தொல்லை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை சுற்றுகிறது என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். பயந்துபோய், வேலை முடிந்து வந்த பிறகே மாத்திரை போட ஆரம்பித்தார். ஒருநாள் அம்மாவிடம் அவர் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "வயசாயிடுச்சு போல. நாலு பேர் உசுரு நம்ம கையில இருக்கு. இந்த மாசத்தோட எழுதிக் கொடுத்துடறேன்." இருபத்தைந்து வருடம் ஓட்டிய ஸ்டியரிங்கை விடுகிற பேச்சு அது. எனக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது என்பதை மறைப்பானேன்? வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது; அவர் சம்பளம் நின்றால் அது நடக்காது.

மருந்தாக்கமும் மருந்து வடிவமைப்பும்தான் நான் படிக்க விரும்பியது. இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று குளிர் தேசத்தில், பெரிய பெயர் பெற்றது. மற்றது இங்கேயே இருப்பது. பத்து நாளில் பதில் சொல்லவேண்டும். அப்பா படிப்பின் பெயரைப் பலமுறை கேட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் தேர்வு செய்ய அவரிடம் ஒரு முறை இருந்தது. ஓர் இடம் நல்லதா என்பதை அவர் பஸ்ஸை வைத்துத்தான் அளப்பார். நேர் பஸ் இருந்தால் நல்ல இடம், ஒருமுறை மாறினால் சுமார், இரண்டுமுறை மாறினால் அங்கே எதற்குப் போகவேண்டும்? பொங்கோலுக்குக் குடிபோன சித்தியைக்கூட அந்தக் கணக்கில்தான் வெகுநாள் போய்ப் பார்க்காமல் இருந்தார். "அந்தக் குளிர் ஊருல என்ன பஸ்ம்மா?" என்று அவர் கேட்டபோது நான் எழுந்து போய்விட்டேன்.

ஆனாலும் கூடவே வந்தார். நகரத்து ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கூட்டம் நடந்தது. வழவழப்பான புத்தகங்களை எடுத்து நீட்டிக்கொண்டிருந்த இளைஞரிடம், சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்த அப்பா கேட்டார். "என் ஃப்ரெண்டு ஒருத்தன், மாத்திரைய நசுக்கிச் சாப்புடறான். பரவால்லையா?" இளைஞர் சிரித்து, அவருடைய டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார். தவறான பதில் என்று சொல்லமுடியாது. ஆனால் பின்னால் நின்ற ஓர் அம்மாளும் சிரித்தார். நான் அப்பாவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன். அந்த இழுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் திறந்த நாள்; யார் வேண்டுமானாலும் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். மேசையில் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு சீனப் பேராசிரியை நின்றிருந்தார். அப்பா மறுபடியும் அதே நண்பனோடு ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். பேராசிரியை சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மாத்திரை?" என்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். நண்பனின் மாத்திரை இவர் பையில் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அட்டையைப் படித்துவிட்டு, செய்து காட்டுவதற்காக மேசையில் வைத்திருந்த சிவப்பு மாத்திரை ஒன்றை முழுசாக ஒரு குவளைத் தண்ணீரில் போட்டார். அதே போன்ற இன்னொன்றைப் பொடித்து அடுத்த குவளையில் கொட்டினார். முதல் குவளையில் நிறம் நூலாகக் கசிந்தது. இரண்டாவது கண்ணெதிரே சிவந்துபோனது. அட்டையில் இருப்பதும் இப்படி நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்த மாத்திரை, நசுக்கினால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும் என்றார். அப்பா இரண்டு குவளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ, ஒரு நாளைக்கு ஓட வேண்டிய பஸ்ஸெல்லாம் காலைல ஒரே நேரத்துல விட்ட மாதிரி லா," என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் பேராசிரியை கைதட்டினார். பிறகு அப்பாவின் கண்ணைப் பார்த்து, "உங்கள் நண்பர் இன்றைக்கே டாக்டரிடம் பேசவேண்டும். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது," என்றார்.

நசுக்கக் கூடாது என்று மருந்துப் பையிலேயே அச்சடித்திருந்தார்களாம். அம்மா பைகளை வைத்துக்கொள்வதே இல்லை. அட்டைகளை உருவி, ரப்பர் வளையம் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கிவிடுவார். சுத்தத்துக்குப் பேர்போன வீடு!

அன்று மாலைக்குள் டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. விழுங்க முடியாததை அப்பா முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நாக்கில் கரையும் வேறொரு மாத்திரைக்கு மாற்றினார்கள். வீடு திரும்பும்போது பஸ்ஸின் மேல்தளத்தில், முன் இருக்கையில் உட்கார்ந்தோம். எப்போதும் கீழே ஓட்டுகிறவர் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தார். "எனக்காக இங்க படிக்காத. போகணும்னா போம்மா. பஸ் இல்லாட்டி என்ன, ஃப்ளைட்ல வரேன்," என்றார். உங்களுக்காக இல்லப்பா என்றேன். பாதி பொய்தான். மீதிப் பாதி, தாள்களைக் கீழே வைத்த அந்தக் கைகளுக்காக. பெரிய பெயரைவிட, ஒரு பஸ் ஓட்டுநரின் கேள்வியை மதிக்கிற இடத்தில் படிக்கலாம் என்று தோன்றியது. இங்கேயே சேர்ந்தேன். இரண்டுமுறை பஸ் மாறித்தான் போகவேண்டும். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் தலைசுற்றல் நின்றது. டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தவர், ஓய்வு பெறும்வரை விடவில்லை. நான் இப்போது மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கான மருந்துகளைச் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தேன். விடிகாலையில் சமையலறையில் டொக் டொக்கென்று சத்தம். அத்தனை வருடம் கழித்தும் படுக்கையிலிருந்து ஓடினேன். "அப்பா, என்ன இடிக்கிறீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். உரலை என் மூக்கருகே நீட்டினார்.

"ஏலக்காய் லா. டீ குடிக்கிறியா?"